எடுத்துக்கோ, பாத்து

லைப்ரரி என்று தெரு கூப்பிட்டவர் உயிரோடு இருந்த காலம் முழுவதும், அவருடைய சொந்தச் சாமான்கள் அத்தனையையும் ஒரே இடத்தில் பார்த்தவர் யாரும் கிடையாது. அவரே பார்த்ததில்லை. ஏணி ஒரு வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும். துளை போடும் மெஷின் இன்னொரு வீட்டில் இருக்கும், அதன் பிட்டுகள் மூன்றாவது வீட்டில். கல்யாணத்துக்கென்று தைத்த கோட்டு அவர் உடம்பில் ஏறியது ஒரே ஒரு நாள். அதற்குப் பிறகு அது யார் யாருடைய இன்டர்வியூவுக்கோ போய் வந்து, கடைசியில் ஒரு நண்பருடைய தம்பியின் பெட்டிக்குள் மடங்கி வெளிநாடே போய்விட்டது.

"கோட்டுக்கு விசா கிடைச்சிருச்சு. கோட்டுக்காரருக்குத்தான் தெருமுனையைத் தாண்ட வழியில்ல" என்பார் மனைவி.

லைப்ரரி என்ற பெயரை வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. சந்தா கேட்காத, அபராதம் போடாத லைப்ரரி, புத்தகம் மட்டும்தான் இல்லை என்று யாரோ கிண்டலாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி வழி கேட்டால் தெருவில் உதட்டைப் பிதுக்குவார்கள்.

அவருக்குத் தொழில், எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றுவது. ஒற்றை அறைக் கடை. உள்ளே நுழைந்தால் வார்னிஷ் வாசனையும் தீய்ந்த வாசனையும் சேர்ந்து மூக்கைப் பிடிக்கும். கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிச் சுற்றிச் செருக வேண்டும். எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் மோட்டார் சூடேறி மறுபடியும் எரியும். அதனால் சுற்றும்போது அவர் யாரோடும் பேசமாட்டார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். விவரம் தெரியாதவர்களும், அவசரக்காரர்களும், அவர் கூட்டாளி சைலன்சரும் நிற்கமாட்டார்கள்.

இளகிய மனசு என்று எல்லோரும் சொன்னார்கள். அது பாதி உண்மைதான். ஒரு மனிதர் தன் முன்னால் நின்று, காலை மாற்றி மாற்றி வைத்து, "அது வந்து..." என்று இழுப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உடம்பெல்லாம் கூசும். அந்த இழுவை முடிவதற்குள் சாமானை எடுத்து நீட்டிவிடுவார். கைமாற்றாகப் பணம் கேட்டு வந்தாலும் அப்படித்தான், முழு வாக்கியத்தை அவரிடம் யாரும் சொல்லி முடித்ததில்லை. கேட்கும் சங்கடம் வந்தவருக்கு மிச்சம். எதற்குக் கேட்கிறார், எப்படிக் கையாளப்போகிறார் என்று விசாரிக்கும் வேலை இவருக்கு மிச்சம்.

கொடுக்கும்போது ஒரே ஒரு சொல் சொல்வார். "எடுத்துக்கோ, பாத்து." குடையைக் கொடுத்தாலும் பாத்து. மடக்கு நாற்காலியைக் கொடுத்தாலும் பாத்து. பெரியவர்களாக இருந்தால் "எடுத்துக்கோங்க, பாத்து." அதற்குள்ளே அவருக்கு எல்லாம் அடக்கம். இந்த ஏணியின் மூன்றாவது படி ஆடும், இந்தப் பிளக்கில் ஷாக் அடிக்கும், இந்தக் குடையை விரிக்கும்போது கண்ணைத் தள்ளி வைத்துக்கொள். வாங்குகிறவர்களுக்கோ அது "போய்ட்டு வா" என்பது போல இன்னொரு சொல். காதில் விழுந்து காற்றோடு போய்விடும்.

"ஏங்க, அந்தப் பாத்துங்கிறத விட்டுட்டு நல்லா வாயைத் திறந்து சொன்னா என்ன? நாக்கு தேஞ்சிருமா?" என்று மனைவி கேட்டிருக்கிறார்.

"அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா அவங்களே ஒண்ணு வாங்கியிருக்க மாட்டாங்களா?"

கடையில் ஒரு செயின் பிளாக் இருந்தது. கனமான சாமான்களைச் சங்கிலியால் இழுத்து மேலே தூக்கும் கருவி. ஒருவர் தனியாக நின்று ஒரு மாட்டுக் கனத்தைத் தூக்கிவிடலாம். அவர் தொழிலுக்கு அது இல்லாமல் முடியாது என்றாலும் முன்பெல்லாம் அதுவும் மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். போன மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்தபோது அது தண்ணீருக்குள் கிடந்துவிட்டது. பிரித்துத் துடைத்து கிரீஸ் வைத்தார். ஆனால் உள்ளே இருந்த ஒரு சின்ன ஸ்பிரிங் உயிர்விட்டிருந்தது. தூக்கிய பாரம் கீழே வராமல் பல்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் கொண்டியை அழுத்திக்கொண்டிருக்கும் ஸ்பிரிங் அது. அந்தக் காலத்து மாடல். மாற்று ஸ்பிரிங் எங்கும் கிடைக்கவில்லை.

கிடைக்காவிட்டால் என்ன, அவர் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். தூக்கி முடித்ததும் கைச்சங்கிலியை லேசாகப் பின்னால் சுண்டுவார். உள்ளே 'டக்' என்று சத்தம் கேட்டால் கொண்டி கவ்விவிட்டது என்று அர்த்தம். கேட்டாலும் கேட்காவிட்டாலும், சங்கிலியை ஒரு கயிற்றால் தூணில் கட்டிவிடுவார். நாலு மாதமாக இதுதான் வழக்கம், அதற்குள் யாரும் அதை இரவல் கேட்டு வரவும் இல்லை. கை தானாகச் செய்தது. மூளைக்கு அதில் வேலை இல்லாமல் போயிருந்தது.

அன்று காலையில் மாவு மில்லிலிருந்து ஒரு பெரிய மோட்டார் வந்தது. இரண்டு பேர் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வாசலோடு இறக்கிவிட்டுப் போனார்கள். அதை மேசைக்குத் தூக்க வேண்டும். லைப்ரரி அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். கொக்கி காலி. எவனிடம் இருக்கிறது என்று யோசித்தபடியே கண்ணைத் தூணுக்கு இறக்கினார். ஆணியில் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

கயிறு இங்கே இருக்கிறது.

செயின் பிளாக் கயிறில்லாமல் போயிருக்கிறது.

முந்தின நாள் சாயங்காலம் சைலன்சர் வந்தார். ஜீப், கார் எல்லாம் பிரித்துப் பூட்டும் மெக்கானிக். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. தெரு இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடிக்குக் கேட்கும் குரல், அதனால்தான் அந்தப் பெயர். லைப்ரரி அப்போது கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். உதட்டில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது.

"டேய், செயின் பிளாக் எடுத்துக்கறேன். காலையில ஜீப்புக்கு இன்ஜின் ஏத்தணும். கூட வேலை செய்யற பய லீவு போட்டுட்டான், நான் ஒத்தை ஆளாத்தான் மல்லுக்கட்டணும். இன்ஜினைத் தொங்கவிட்டுட்டு நானே கீழ படுத்து போல்ட்டு மாட்டணும், பாரு என் தலையெழுத்த. என்ன, எடுத்துக்கட்டா?"

இரண்டு எண்களுக்கு நடுவே லைப்ரரி வாயைத் திறந்தார்.

"எடுத்துக்கோ, பாத்து."

சைலன்சர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மழைக்கு முன்னால் எத்தனையோ தடவை எடுத்துப் போயிருக்கிறார். அவருக்குத் தெரிந்த செயின் பிளாக், இரும்புக் குண்டு மாதிரி நிற்கும் பழைய செயின் பிளாக். ஸ்பிரிங் போனது அவருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. லைப்ரரி யாரிடமும் சொன்னதில்லை.

கீழ படுத்து போல்ட்டு மாட்டணும்.

சட்டைப்பையைத் தடவினார். போன் இல்லை. மச்சானின் போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்துவிட்டது என்று இரண்டு நாள் முன்னால்தான் எடுத்துக் கொடுத்திருந்தார். வாசலுக்கு ஓடினார். ஸ்கூட்டர் இல்லை. முடி வெட்டுகிறவருடைய அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று காலையிலேயே சாவி போய்விட்டது. மனைவி வேலைக்குப் போயிருந்தார். சைலன்சரின் பட்டறை ஊருக்கு அந்தப் பக்கம், ரயில்வே கேட்டைத் தாண்டி. பஸ் பிடித்துப் போகிற நேரத்தில் எதுவும் நடக்கலாம்.

பக்கத்துக் கடை சாவி போடுகிறவருடையது. அவரைப் பூட்டு என்பார்கள். தொழிலுக்காக மட்டும் வைத்த பெயர் அல்ல. பேனாவைக் கேட்டால் மூடியைத் தன் கையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் கொடுப்பார். லைப்ரரிக்கும் பூட்டுக்கும் ஒரே சுவர், நடுவில் அவ்வளவு தூரம் என்று தெருவில் சொல்வார்கள்.

"போன் குடுங்க" என்றார் லைப்ரரி.

பூட்டு அரத்தைக் கீழே வைக்காமல் நிமிர்ந்தார். "என்னய்யா, ஊருக்கெல்லாம் குடுக்கிற ஆளு, என்கிட்ட வந்து கையேந்தற? அதிசயமா இருக்கு."

"அவசரம்ங்க."

"யாருக்கு?"

"சைலன்சருக்கு. இன்ஜின் விழுந்துரும்."

பூட்டு அவர் முகத்தைப் பார்த்தார். போனை எடுத்துத் திறந்து நீட்டினார். "நம்பரைப் போடு."

லைப்ரரியின் விரல் அந்தரத்தில் நின்றது. சைலன்சரின் நம்பர் அவருக்குத் தெரியாது. யாருடைய நம்பரும் தெரியாது. எல்லாம் அந்தப் போனுக்குள் இருக்கிறது, போன் மச்சானிடம் இருக்கிறது. தெரிந்த ஒரே நம்பர் தன்னுடையது. அதைப் போட்டார். மணி அடித்தது, அடித்தது, கடைசியில் மச்சான் எடுத்தார்.

"ஹலோ, அத்தான் இப்ப இல்லீங்க, நான் அவரோட மச்சான் பேசறேன், நீங்க யாரு?"

"நான்தான்டா அத்தான்!"

"அத்தானா? இது யாரு நம்பர்? உங்க போன் பத்திரமா இருக்கு அத்தான். சார்ஜு மட்டும்..."

"டேய், சைலன்சருக்கு உடனே போன் போடு. போட்டு, இன்ஜின் கீழ படுக்காதேன்னு சொல்லு. செயின் பிளாக் வழுக்குதுன்னு சொல்லு. புரியுதா?"

"சைலன்சர்னா போட்டிருக்கீங்க? இருங்க, தேடறேன்... இதுல சைலன்சர்னு இல்லையே அத்தான். சை... சைக்கிள் கடை இருக்கு. அவர் நிஜப் பேரு என்ன?"

பள்ளிக்கூட வருகைப் பதிவில் கூப்பிட்ட பெயரைச் சொன்னார். "அப்படியும் இல்லையே" என்றார் மச்சான். கூட்டாளி, ஜீப்பு, பட்டறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, கடைசியில் 'மெக்' என்று இருந்ததைக் கண்டுபிடித்தார். "போடறேன், நீங்க வைங்க."

பூட்டின் கடைவாசலில் இருவரும் போனைப் பார்த்தபடி நின்றார்கள். மச்சான் திரும்ப அழைத்தார்.

"அடிக்குது அத்தான், எடுக்கல. நாலு தடவை போட்டுட்டேன்."

போனை எடுக்கவில்லை என்றால் கை வேலையில் இருக்கிறது. கை வேலையில் இருக்கிறது என்றால் கீழே படுத்திருக்கிறார். அல்லது. அந்த 'அல்லது'க்கு மேலே லைப்ரரியால் யோசிக்க முடியவில்லை.

"வண்டி குடுங்க" என்றார். தன் வாழ்நாளில் அவர் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. காலை மாற்றி வைக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

பூட்டு கடை ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தார். "வண்டி தரமாட்டேன்" என்றார்.

"யோவ், ஒரு உயிருய்யா!"

"அதான் சொல்றேன், உன் கையில தரமாட்டேன். இந்த அவசரத்துல நீ எங்கயாவது மோதிருவ. பின்னாடி ஏறு. நான் சாமான் குடுக்க மாட்டேன், கூட வருவேன். ஏறுய்யா!"

பூட்டின் மொபெட் கிழடு. ஆனால் ஒருவர் கைக்கும் போகாததால் கோளாறில்லாமல் ஓடியது. சந்துகளில் புகுந்து, காய்கறி வண்டிகளை உரசி, எதிரே வந்த பஸ்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு போனது. பின்னால் உட்கார்ந்திருந்த லைப்ரரிக்கு நகருவதாகவே தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் அந்தப் பல்சக்கரம்தான் நின்றது. கொண்டி கவ்வாமல் போனால் பாரம் உடனே விழாது. முதலில் யாருக்கும் தெரியாமல் ஒரு நூல் அளவு இறங்கும். கொஞ்சம் நிற்கும். மறுபடி ஒரு நூல். பிறகு ஒரு கணத்தில் மொத்தமாக ஓடிவிடும். கீழே படுத்திருக்கிறவருக்கு அந்த முதல் நூல் கண்ணில் படாது.

"நேத்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்று பூட்டு முன்னாலிருந்து கத்தினார்.

"சொன்னேன்!"

"என்ன சொன்ன?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பூட்டு வண்டியை முறுக்கினார். சுவருக்கு மறுபக்கத்திலிருந்து அந்தப் 'பாத்து'வை அவர் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பவர்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. லாரி, கார், ஆட்டோ எல்லாம் நெருக்கியடித்து நின்றன. ரயில் வரும் சத்தமே இல்லை. லைப்ரரி வண்டி நிற்பதற்குள் குதித்தார். செருப்பு ஒன்று கழன்று போனது. குனிந்து கம்பிக்கு அடியில் நுழைந்தார். கேட்காரர் ஜன்னலிலிருந்து கத்திய கெட்ட வார்த்தை முதுகில் விழுந்தது. தண்டவாளத்துக் கல் காலைக் குத்தியது. அந்தப் பக்கம் ஏறி, ஒற்றைச் செருப்போடு ஓடினார். ஓடிப் பழகாத உடம்பு. உட்கார்ந்தே தொழில் செய்த உடம்பு.

பட்டறைக்குள்ளிருந்து ரேடியோச் சத்தம் வந்தது. அதுதான் போன் மணியை முழுங்கியிருக்க வேண்டும். சைலன்சரின் குரல் கேட்கவில்லை.

தகரக் கதவைத் தாண்டினார். முற்றத்தில் இரும்புக் குழாய்கள் மூன்றை முக்காலியாக நிறுத்தி, உச்சியில் செயின் பிளாக் மாட்டியிருந்தது. அதிலிருந்து இன்ஜின், ஜீப்பின் திறந்த வாய்க்குள் பாதி இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு கால் பாட்டுக்குத் தாளம் போட்டது.

உயிர் திரும்பி வந்தது போல் இருந்தது. அடுத்த கணமே மறுபடி போனது. இன்ஜின் ஒரு நூல் இறங்குவதை அவர் கண்ணால் பார்த்தார்.

கத்த வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். கத்தினால் சைலன்சர் திடுக்கிட்டுத் தலையைத் தூக்குவார். தலைக்கு நேர் மேலே இன்ஜின். பூனை மாதிரி நடந்துபோய்க் கைச்சங்கிலியைப் பிடித்தார். அது அவரை இழுத்தது. சந்தேகமே இல்லை, கொண்டி கவ்வவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து நின்றார். சங்கிலி முழுக்க கிரீஸ். அவரே வைத்த கிரீஸ்.

"டேய்" என்றார், தூங்குகிறவரை எழுப்புவது போல. "நான்தான். வெளிய வா."

"வந்துட்டியா! நல்ல நேரத்துல வந்தே. அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துப் போடு, கை எட்டல."

"வெளிய வாடா."

"ரெண்டே போல்ட்டுடா. ரேடியோவ வேணா கொறச்சுக்கோ."

சங்கிலி உள்ளங்கைக்குள் ஒரு கண்ணி வழுக்கியது. மேலே இன்ஜின் அசைந்தது.

"செயின் பிளாக் சரியில்லடா. இறங்குது."

"எங்க இறங்குது, கல்லு மாதிரி நிக்குது. நீ கம்பி சுத்தற ஆளு, கலங்காத. ஸ்பேனரைப் போடு."

"டேய், பாத்துடா, பாத்து..."

கீழிருந்து சிரிப்பு வந்தது. "ஆரம்பிச்சுட்டாண்டா! நீ சாகும்போது எமன்கிட்டயும் பாத்துன்னுதான் சொல்லுவே."

லைப்ரரிக்கு உலகத்தில் இருக்கும் எல்லாச் சொற்களும் மறந்துவிட்டன. இன்னொரு கண்ணி போனது. உள்ளங்கை எரிந்தது. ஸ்பிரிங், கொண்டி, மழைத்தண்ணீர் என்று விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. விளக்கினால் சைலன்சர் எதிர்வாதம் செய்வார், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். பட்டறை வாசலில் மொபெட் சத்தம் கேட்டது, பூட்டும் வண்டியைச் சாய்த்துக் கம்பிக்கு அடியில் நுழைத்திருக்க வேண்டும். பூட்டு வந்து எட்டிப்பிடிக்கும்வரை கை தாங்காது.

அப்போது அவர் வாயிலிருந்து, யோசிக்காமல், ஒரு வாக்கியம் வந்தது.

"என் சாமானத் திருப்பிக் குடுடா."

தாளம் போட்ட கால் நின்றது.

"என்னது?"

"என் செயின் பிளாக்கைக் குடு. இப்பவே வேணும். எந்திரிச்சு வந்து கழட்டிக் குடு."

ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் லைப்ரரி யாரிடமும் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டதில்லை. கல்யாணக் கோட்டைக் கேட்டதில்லை. பாதி நாள் கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தபோதுகூட, எடுத்துப்போன சாமானைக் கேட்டதில்லை. அவர் கேட்கிறார் என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று சைலன்சருக்குப் பட்டது. வீட்டில் யாருக்கோ ஏதோ. அல்லது தன்மேல் ஏதோ கோபம்.

"டேய், என்னடா ஆச்சு உனக்கு?" என்று கேட்டபடி சைலன்சர் முதுகால் தேய்த்துத் தேய்த்து வெளியே வந்தார். முதலில் இடுப்பு, பிறகு மார்பு, பிறகு எண்ணெய் அப்பிய முகம். கூட்டாளியின் முகத்தைப் பார்ப்பதற்காகவே வந்தார். எழுந்து முழங்காலில் நின்று அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு கைகளைப் பார்த்தார்.

"தள்ளிப் போடா!" என்றார் லைப்ரரி.

சைலன்சர் பின்னால் சாய்ந்து விழுந்தார். சங்கிலி லைப்ரரியின் கையை உருவிக்கொண்டு ஓடியது. கரகரவென்று ஒரு சத்தம், அதன்மேல் முற்றமே அதிர்ந்த இன்னொரு சத்தம். இன்ஜின் ஜீப்பின் சட்டத்தில் இடித்துச் சரிந்து, அடிப்பக்கம் உடைந்து நின்றது. கறுப்பு ஆயில் குபுகுபுவென்று வழிந்து, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சைலன்சரின் தலை இருந்த சாக்கை நனைத்தது.

பூட்டு வாசலில் நின்றபடி, "முடிஞ்சுதா?" என்று கேட்டார். பிறகு சைலன்சர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் கழித்து எழுந்துபோய் ரேடியோவை நிறுத்தினார்.

சைலன்சர் அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. திடீரென்று எழுந்துவந்து லைப்ரரியின் சட்டையைப் பிடித்தார்.

"உனக்குத் தெரியுமாடா? தெரிஞ்சுதான் குடுத்தியாடா?"

"தெரியும்."

"தெரிஞ்சு..." கை ஓங்கியது. ஓங்கிய கை அப்படியே நின்றது. லைப்ரரியின் உள்ளங்கைகள் இரண்டும் தோலுரிந்து கிரீஸும் ரத்தமுமாக இருந்தன. சைலன்சர் சட்டையை விட்டுவிட்டு அந்தக் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். குழாயடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். "எருமை" என்றார். "எருமை, எருமை."

"ஜீப்புக்காரனுக்கு நான் சொல்லிக்கறேன்" என்றார் லைப்ரரி. "செலவு என்னோடது."

"வாயை மூடுறியா?"

பூட்டு தன் கைக்குட்டையை எடுத்துக் கிழித்து இரண்டு கைகளையும் கட்டினார். மெல்லமாகத்தான் கட்டினார். "இது திருப்பித் தர வேண்டாம்" என்றார்.

சைலன்சர் அந்தக் குழாய் முக்காலியில் ஏறி, செயின் பிளாக்கைக் கழற்றிக் கீழே போட்டார்.

"குடு, நான் கொண்டுபோறேன்" என்றார் லைப்ரரி. "கடையில மில் மோட்டார் கெடக்கு."

"தரமாட்டேன்."

"என் சாமான்டா அது."

"தரமாட்டேன்னா தரமாட்டேன். இதை உன்கிட்ட குடுத்தா, நீ கயித்தைக் கட்டி, சத்தத்தைக் கேட்டு ஓட்டிருவே. நாளைக்கு எவனாவது வந்து வாசல்ல நின்னு தலையச் சொறிவான், எடுத்து நீட்டிருவே. உன்னால மாட்டேன்னு சொல்ல முடியாதுடா. உனக்காக நான் சொல்றேன்."

கேஸ் கட்டரை இழுத்துவந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சங்கிலியைக் கல்லின்மேல் போட்டு, நெருப்பைப் பற்றவைத்தார். நீல நாக்கு சீறியது. முதல் கண்ணி சிவந்து, வெளுத்து, அறுந்தது.

லைப்ரரி ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். போன மழையில் கடைக்குள் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று சொன்னார். பிரித்துப் பார்த்தபோது ஸ்பிரிங் எந்த இடத்தில் துருப்பிடித்திருந்தது என்று சொன்னார். கொண்டி எப்போதெல்லாம் கவ்வும், எப்போதெல்லாம் கவ்வாது, குளிர்ந்த காலையில் ஏன் அதிகமாக ஏமாற்றும், சங்கிலியை எவ்வளவு சுண்டினால் போதும், சத்தம் கேட்டாலும் ஏன் நம்பக்கூடாது, எந்த முடிச்சுப் போட வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னார்.

கட்டரின் இரைச்சலில் சைலன்சருக்கு அதில் பாதிகூடக் கேட்டிருக்காது. அவர் திரும்பவில்லை. பூட்டு மட்டும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாவிக்கு அளவு எடுப்பது போல அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.